மறையாக்கிய மின்னஞ்சலும் பெறுநருக்கான கட்டுப்பாடுகளும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சம்பளப் பட்டியல், மருத்துவப் பரிசோதனை முடிவு, ஒப்பந்த வரைவு, விலைப்புள்ளி, ஆதார் நகல் போன்றவற்றை மின்னஞ்சலில் அனுப்ப நேரும்போது இரண்டு கவலைகள் எழுகின்றன. வழியில் யாரேனும் படித்துவிடுவார்களோ என்பது ஒன்று. போய்ச் சேர்ந்த பிறகு பெற்றவர் அதை யாருக்கெல்லாம் அனுப்புவாரோ என்பது மற்றொன்று. இவ்விரண்டுக்கும் தீர்வு வேறு வேறு: முதலாவதற்கு, சாவி இல்லாதவர் படிக்க முடியாதபடி மடலைப் பூட்டும் மறையாக்கம் (என்கிரிப்ஷன்); இரண்டாவதற்கு, பெறுநருக்கான உரிமைக் கட்டுப்பாடு. இவற்றை ஒன்றெனக் கருதுவதால்தான் பெரும்பாலான தவறுகள் நேர்கின்றன என்பதை, அலுவலகங்களில் இந்த வசதிகளை அமைத்துக்கொடுக்கும் பணியில் திரும்பத் திரும்பக் கண்டிருக்கிறேன். அங்கே என்னிடம் கேட்கப்பட்ட கேள்விகளும் அவற்றுக்கான விடைகளும் கீழே உள்ளன.

சாதாரண மின்னஞ்சலே இப்போது மறையாக்கத்துடன்தானே செல்கிறது? தனியாக எதற்கு?

பெரும்பாலும் அப்படித்தான் செல்கிறது. ஆனால் அந்த மறையாக்கம் பாதைக்கு உரியது, மடலுக்கு உரியது அன்று. மின்னஞ்சலை ஒரு சர்வரிலிருந்து மற்றொரு சர்வருக்குக் கொண்டுசெல்லும் எஸ்.எம்.டி.பி. நெறிமுறை 1982-இல் வரையறுக்கப்பட்டபோது அதில் மறையாக்கத்துக்கு இடமே இல்லை. எல்லா மடல்களும் வெற்றெழுத்தாகவே சென்றன. 1999-இல் ஸ்டார்ட்-டி.எல்.எஸ். என்ற நீட்சி வந்த பிறகு, இரு சர்வர்களும் ஒப்புக்கொண்டால் தங்களுக்கு இடையிலான தொடர்பை மறையாக்கிக்கொள்ளலாம் என்றானது. 'ஒப்புக்கொண்டால்' என்ற சொல்லைக் கவனிக்க வேண்டும். எதிர்முனையில் அந்த வசதி இல்லையென்றால், அனுப்பும் சர்வர் பல நேரங்களில் மறையாக்கம் இன்றியே மடலைக் கொடுத்துவிடும். இதைத் தடுப்பதற்கான எம்.டி.ஏ.-எஸ்.டி.எஸ். என்ற தரம் 2018-இல் வெளியானது. எனினும் பெறுநரின் டொமைனை நிர்வகிப்பவர் அதை அறிவித்து வைத்திருந்தால்தான் அது பயன்படும்.

பாதை முழுவதும் மறையாக்கப்பட்டிருந்தாலும், ஒவ்வொரு சர்வரிலும் மடல் படிக்கத்தக்க நிலையிலேயே வந்து இறங்குகிறது. தபால் வண்டியைப் பூட்டி அனுப்புகிறார்கள், உள்ளே இருப்பதோ அஞ்சலட்டை. ஒவ்வொரு நிலையத்திலும் வண்டி திறக்கப்படும் என்று இதைப் புரிந்துகொள்ளலாம். உங்கள் மின்னஞ்சல் நிறுவனம், பெறுநரின் மின்னஞ்சல் நிறுவனம், உங்கள் கணக்கின் அல்லது பெறுநரின் கணக்கின் கடவுச்சொல்லைத் திருடியவர் ஆகிய அனைவருக்கும் மடல் திறந்தே கிடக்கிறது.

முழு மறையாக்கம் என்பது எவ்வகையில் வேறுபடுகிறது?

அனுப்புநரின் கருவியிலேயே மடல் பூட்டப்பட்டு, பெறுநரின் கருவியில் மட்டுமே திறக்கப்படுவது முழு மறையாக்கம். ஒவ்வொருவருக்கும் இரண்டு சாவிகள் உண்டு. பொதுச் சாவியை எவருக்கும் கொடுக்கலாம்; அதனால் பூட்ட மட்டுமே முடியும். அதற்கு இணையான தனிச் சாவி உரியவரை விட்டு அகலக் கூடாது. திறப்பது அதனால் மட்டுமே முடியும். இடையில் உள்ள சர்வர்கள் பொருளற்ற எழுத்துக் கோவையை மட்டுமே காண்கின்றன.

இவ்வழியைப் பொதுமக்கள் கைக்குக் கொண்டுவந்தது ஃபில் ஜிம்மர்மன் 1991-இல் வெளியிட்ட பி.ஜி.பி. மென்பொருள். வலுவான மறையாக்கத்தை ஆயுதத்துக்கு நிகராக அமெரிக்க ஏற்றுமதிச் சட்டம் கருதிய காலம் அது. அதனால் அவர் மீது சில ஆண்டுகள் குற்றப் புலனாய்வு நடந்து, 1996-இல் வழக்குத் தொடரப்படாமலேயே கைவிடப்பட்டது. இன்று நாம் சாதாரணமாக ஒரு பொத்தானை அழுத்திப் பெறும் வசதிக்கு இப்படி ஒரு வரலாறு உண்டு என்பதை நான் பயிற்சி வகுப்புகளில் சொல்லத் தவறுவதில்லை.

மறையாக்கினால் பெறுநர் அதை வேறு யாருக்கும் அனுப்ப முடியாது அல்லவா?

முடியும். இந்தப் பக்கத்தில் ஒரே ஒரு விடையை மட்டும் படிக்க நேரம் உள்ளவர்கள் இதைப் படிக்க வேண்டும்.

மறையாக்கம் உங்களையும் பெறுநரையும் ஒரு பக்கத்திலும், மற்ற உலகத்தை மறு பக்கத்திலும் நிறுத்துகிறது. பெறுநர் தம் சாவியால் மடலைத் திறந்தவுடன் அதன் உள்ளடக்கம் முழுமையாக அவருடையது ஆகிவிடுகிறது. அவர் அதை நகலெடுக்கலாம், அச்சிடலாம், வெற்றெழுத்தாக ஆயிரம் பேருக்கு அனுப்பலாம். பி.ஜி.பி.யில் எவ்வளவு வலுவான சாவியை நீங்கள் பயன்படுத்தினாலும் இது மாறாது.

பெறுநர் என்ன செய்யலாம், என்ன செய்யக் கூடாது என்று வரம்பிடுவது உரிமைக் கட்டுப்பாடு என்னும் தனித் தொழில்நுட்பம். அதில் பெறுநரும் ஓரளவு ஐயத்துக்கு உரியவராகவே கருதப்படுகிறார். மடலோடு ஓர் உரிமைப் பட்டியலும் சேர்க்கப்படுகிறது: படிக்கலாம், பதில் எழுதலாம், அச்சிடக் கூடாது, நகலெடுக்கக் கூடாது, ஃபார்வர்ட் செய்யக் கூடாது என்று. பெறுநர் மடலைத் திறக்கும்போது அவருடைய மென்பொருள் ஒரு சர்வரைத் தொடர்புகொண்டு, அவர் யார் என்பதை மெய்ப்பித்து, சாவியையும் அந்த உரிமைப் பட்டியலையும் பெறுகிறது. பிறகு பட்டியலில் இல்லாத பொத்தான்களைத் தானே முடக்கிக்கொள்கிறது. மைக்ரோசாஃப்ட் இதனை 2003-இல் ஆஃபீஸ் தொகுப்பிலும் விண்டோஸ் சர்வரிலும் அறிமுகப்படுத்தியது. இன்று மைக்ரோசாஃப்ட் 365-இல் பர்வியூ மடல் மறையாக்கம் என்ற பெயரில் இருப்பது அதன் வழித்தோன்றல்.

இதில் ஒரு விலை கொடுக்க வேண்டியிருக்கிறது. உரிமைகளை அமல்படுத்துவதற்கு, சாவியைத் தன் கையில் வைத்திருந்து கேட்பவருக்குத் தகுதி பார்த்துக் கொடுக்கும் இடையாள் ஒருவர் வேண்டும். இடையாளே இல்லாமல் இருப்பதுதான் முழு மறையாக்கத்தின் நோக்கம். எனவே இரண்டையும் ஒரே நேரத்தில் முழு அளவில் பெறுவது மிகக் கடினம். சர்வரை நடத்துபவரிடமிருந்தும் மடலை மறைக்க வேண்டுமானால் பி.ஜி.பி.யிலிருந்து வந்த பொதுத் தரமான ஓபன் பி.ஜி.பி. போன்ற வழியையும், பெறுநரின் கையைக் கட்ட வேண்டுமானால் உரிமைக் கட்டுப்பாட்டையும் நாட வேண்டும். யாரிடமிருந்து மறைக்கிறோம் என்பதை முதலில் தெளிவாக்கிக்கொள்ளாமல் கருவியைத் தேர்ந்தெடுக்கக் கூடாது.

மைக்ரோசாஃப்டின் மின்னஞ்சல் மென்பொருளான அவுட்லுக்கில் இதை எவ்வாறு செய்வது?

புதிய மடலைத் திறந்து, மேலே உள்ள 'ஆப்ஷன்ஸ்' பிரிவுக்குச் சென்று, பூட்டுப் படம் கொண்ட 'என்கிரிப்ட்' பொத்தானை அழுத்தினால் தேர்வுகள் விரியும். அவை தெரியவில்லையென்றால் உங்கள் நிறுவனம் வாங்கியுள்ள உரிமத்தில் அந்த வசதி இல்லை, அல்லது நிர்வாகி அதை இயக்கவில்லை என்று பொருள்.

'என்கிரிப்ட்', 'டு நாட் ஃபார்வர்ட்' என்னும் இரண்டில் எதைத் தேர்ந்தெடுப்பது?

'என்கிரிப்ட்' என்பதைத் தேர்ந்தெடுத்தால் மடல் பூட்டப்படுகிறது. பெறுநர் தம்மை மெய்ப்பித்துத் திறந்த பிறகு அதை அச்சிடலாம், நகலெடுக்கலாம், ஃபார்வர்ட் செய்யலாம். பூட்டை நீக்கும் உரிமை மட்டும் அவருக்கு இல்லை. 'டு நாட் ஃபார்வர்ட்' என்பதைத் தேர்ந்தெடுத்தால் ஃபார்வர்ட், அச்சு, நகல் மூன்றும் தடுக்கப்படுகின்றன. பெறுநர் பதில் எழுதலாம். ஆனால் பதிலில் புதியவர் எவரையும் சேர்க்க முடியாது. இவை தவிர, 'நிறுவனப் பணியாளர்கள் மட்டும்' என்ற பொருளில் சில முத்திரைகளையும் உங்கள் நிர்வாகி அமைத்திருக்கக்கூடும். அந்த முத்திரையோடு செல்லும் மடல் தவறி வெளியாருக்குப் போனாலும் அவரால் திறக்க இயலாது. என் கருத்தில், உள் அலுவலகக் கடிதங்களுக்கு மூன்றிலும் மிகப் பயனுள்ளது இந்த முத்திரைதான். ஆனால் அதை அமைக்க ஒருநாள் உழைப்பு தேவைப்படுவதால் பல நிறுவனங்கள் அதைத் தொடுவதே இல்லை.

எல்லா மடலுக்கும் 'டு நாட் ஃபார்வர்ட்' போடுவது சரியன்று. ஒரு தணிக்கையாளருக்கு அனுப்பும் கணக்கை அவர் தம் உதவியாளரிடம் கொடுத்துத்தான் ஆக வேண்டும். அந்த வழியை நீங்கள் அடைத்தால், அவர் அதைத் தட்டச்சு செய்தோ படம் எடுத்தோ கொடுப்பார். முன்பு ஒரு பூட்டாவது இருந்த இடத்தில் இப்போது எதுவும் இருக்காது.

பெறுநரிடம் மைக்ரோசாஃப்ட் கணக்கு இல்லை. அவர் எப்படிப் படிப்பார்?

மடலுக்குப் பதிலாக, மறையாக்கிய செய்தி ஒன்று வந்திருப்பதாகத் தெரிவிக்கும் அறிவிப்பும் அதைப் படிப்பதற்கான சுட்டியும் அவருக்குச் செல்கின்றன. சுட்டியை அழுத்தினால் திறக்கும் இணைய வாயிலில், ஜிமெயில் போன்ற கணக்கு உடையவர் அதைக் கொண்டே உள்நுழையலாம். அல்லது தம் மின்னஞ்சல் முகவரிக்கு ஒருமுறைக் கடவுக்குறியீடு ஒன்றை வரவழைத்துக்கொள்ளலாம். அந்தக் குறியீடு 15 நிமிடங்களுக்கு மட்டுமே செல்லும். பெறுநரின் அஞ்சல்பெட்டியே திருடரின் வசம் இருந்தால் அந்தக் குறியீடும் திருடரிடம்தான் போய்ச் சேரும் என்பதை மறக்க வேண்டாம்.

இதைவிடப் பெரிய சிக்கல் ஒன்று உண்டு. 'உங்களுக்கு மறையாக்கிய மடல் வந்திருக்கிறது, இந்தச் சுட்டியை அழுத்தி உள்நுழையுங்கள்' என்பது தூண்டில் மடல்களின் சொற்றொடர். மோசடிக்காரர்கள் இதே அறிவிப்பைப் போலச் செய்து கடவுச்சொற்களைப் பறிக்கிறார்கள். சுட்டியை அழுத்தாதீர்கள் என்று ஆண்டுக்கணக்காக மக்களுக்குச் சொல்லிவிட்டு, இப்போது அழுத்துங்கள் என்று கேட்கிறோம். ஆகவே வெளியாருக்கு முதன்முறை இப்படி அனுப்பும்போது, முன்கூட்டியே தொலைபேசியில் அழைத்து, எந்த முகவரியிலிருந்து, எந்தத் தலைப்பில் மடல் வரும் என்று சொல்லிவிடுங்கள். பெறும் இடத்தில் இருப்பவர்களும், எதிர்பாராமல் வந்த அறிவிப்பாக இருந்தால், அனுப்பியவரை ஏற்கெனவே தெரிந்த எண்ணில் அழைத்துக் கேட்ட பிறகே திறக்க வேண்டும். ஒரு நிமிடத் தொலைபேசி உரையாடல் இங்கே எந்தத் தொழில்நுட்பத்தையும்விடப் பயனளிக்கிறது.

இணைப்புக் கோப்புகளும் அதே பாதுகாப்பைப் பெறுமா?

கோப்பின் வகையைப் பொறுத்தது. 'டு நாட் ஃபார்வர்ட்' மடலோடு இணைத்த வேர்ட், எக்செல், பவர்பாயிண்ட் கோப்புகள் தாமாகவே அதே கட்டுப்பாடுகளைப் பெறுகின்றன. பெறுநர் அவற்றைத் தரவிறக்கிய பிறகும் கட்டுப்பாடு நீடிக்கிறது. பி.டி.எஃப். கோப்புகளுக்கு நிர்வாகி அந்த அமைப்பைத் தனியாக இயக்கியிருக்க வேண்டும். படங்களும் ஏனைய கோப்புகளும் மடலுக்குள் இருக்கும்வரை மட்டுமே காக்கப்படுகின்றன; தரவிறக்கியதும் அவை சாதாரணக் கோப்புகள். ஸ்கேன் செய்த ஆவணங்களைப் படக் கோப்புகளாக அனுப்பும் பழக்கம் நம் அலுவலகங்களில் மிகுதி என்பதால், அனுப்பும் முன் கோப்பின் வகையை ஒருமுறை பாருங்கள்.

பெறுநர் ஸ்கிரீன்ஷாட் எடுப்பதைத் தடுக்க முடியுமா?

ஓரளவு மட்டுமே. நகலெடுக்கும் உரிமை மறுக்கப்பட்ட மடலை விண்டோஸ் கணினியில் நிறுவிய அவுட்லுக்கில் திறந்தால், வழக்கமான திரைப்பிடிப்புக் கருவிகள் பெரும்பாலும் கறுப்புத் திரையையே பதிவுசெய்யும். ஆனால் அதே மடலை உலாவியில் திறந்தால் இந்தத் தடை இயங்காது. ஐஃபோனிலும் மேக் கணினியிலும் நிலைமை இதுதான் என்று மைக்ரோசாஃப்ட் தன் ஆவணங்களிலேயே ஒப்புக்கொள்கிறது.

இவை அனைத்தும் தடுக்கப்பட்டாலும், திரைக்கு எதிரே கைப்பேசியைப் பிடித்துப் படம் எடுப்பதை எந்த மென்பொருளாலும் தடுக்க முடியாது. கண்ணால் படிக்க முடிந்ததைக் கேமராவாலும் படிக்க முடியும். இதனால் உரிமைக் கட்டுப்பாடு வீண் என்று சிலர் முடிவு செய்கிறார்கள். அதை நான் ஏற்கவில்லை. அலுவலகங்களில் கசியும் தகவல்களில் நான் பார்த்தவை பெரும்பாலும் சதியால் கசிந்தவை அல்ல. அவசரத்தில் ஃபார்வர்ட் செய்யப்பட்டவை, 'அனைவருக்கும் பதில்' அழுத்தியதால் பரவியவை, பழைய மடல் சங்கிலியின் அடியில் இருந்ததைக் கவனிக்காமல் அனுப்பியவையே அவை. அத்தகைய கவனப் பிசகை இந்தக் கட்டுப்பாடு உறுதியாகத் தடுக்கிறது. துணிந்து துரோகம் செய்பவரை மட்டும் அது தடுக்காது. அவரிடம் அனுப்புவதா வேண்டாமா என்பதே அங்கே எழும் கேள்வி.

அனுப்பிய மடலைத் திரும்பப் பெற முடியுமா?

மூன்று வேறு வசதிகள் இந்தப் பெயரில் குழம்பிக் கிடக்கின்றன. ஜிமெயிலின் 'அன்டூ' என்பது 5 முதல் 30 விநாடிகள் வரை மடலை அனுப்பாமல் பிடித்து வைத்திருப்பது மட்டுமே. அவுட்லுக்கின் 'ரீகால்' ஒரே நிறுவனத்துக்குள் அனுப்பிய மடல்களுக்கு மட்டும் செல்லும். வெளியே ஜிமெயிலுக்குப் போனதை அது தொடாது. மூன்றாவது, மறையாக்கிய மடலுக்கான அணுகலை ரத்து செய்வது. உயர்நிலை உரிமம் உள்ள நிறுவனங்களில், வெளியாருக்குச் சுட்டி வடிவில் சென்ற மடலை ரத்து செய்யவோ, அதற்குக் காலாவதி நாள் குறிக்கவோ முடியும். மடலின் உள்ளடக்கம் பெறுநரிடம் போகாமல் வாயிலிலேயே இருப்பதால்தான் இது இயல்கிறது. ஏற்கெனவே படித்துவிட்டவரின் நினைவிலிருந்து அதை எடுக்க முடியாது.

தவறான முகவரிக்கு அனுப்பிவிட்டால் மறையாக்கம் காப்பாற்றுமா?

காப்பாற்றாது. இதை நான் சொந்த அனுபவத்தில் கற்றேன். சில ஆண்டுகளுக்கு முன் ஒரு துறையின் ஊதியத் திருத்தப் பட்டியலை 'டு நாட் ஃபார்வர்ட்' கட்டுப்பாட்டோடு அனுப்பினேன். முகவரிப் பெட்டியில் முதல் மூன்று எழுத்துகளைத் தட்டியதும் அதே பெயருடைய வேறொருவரின் முகவரியை மென்பொருள் நிரப்பியதை நான் கவனிக்கவில்லை. மடல் முறையாக மறையாக்கப்பட்டது. அவரும் முறையாகத் தம்மை மெய்ப்பித்துக்கொண்டு திறந்து படித்தார். நான் பெறுநராகக் குறித்தவரையே மென்பொருள் உரியவராகக் கொண்டது. வேறு என்ன செய்யும்? அவர் நல்லவராதலால் உடனே அழைத்துச் சொன்னார். அன்றிலிருந்து எல்லா மடல்களும் இரண்டு நிமிடம் வெளிச்செல்லும் பெட்டியில் காத்திருக்கும்படி விதி ஒன்றை அமைத்துக்கொண்டேன். முக்கியமான மடல்களில் முகவரியைக் கடைசியில்தான் எழுதுகிறேன்.

ஜிமெயிலின் ரகசியப் பயன்முறை இதற்கு இணையானதா?

2018-இல் வந்த இந்த வசதி பயனுள்ளது. ஆனால் அதன் பெயர் அதன் திறனைவிடப் பெரியது. மடல் எழுதும் பெட்டியின் அடியில் பூட்டும் கடிகாரமும் சேர்ந்த சின்னத்தை அழுத்தி, ஒரு நாள், ஒரு வாரம், ஒரு மாதம், மூன்று மாதங்கள், ஐந்து ஆண்டுகள் என்னும் காலங்களில் ஒன்றைக் குறிக்கலாம். பெறுநருக்கு ஃபார்வர்ட், நகல், அச்சு, தரவிறக்கம் ஆகியவை முடக்கப்படுகின்றன. காலம் முடிவதற்கு முன்பே அணுகலை நீங்கள் நீக்கலாம். ஜிமெயில் அல்லாத பெறுநருக்குச் சுட்டி செல்கிறது. குறுஞ்செய்திக் கடவுக்குறியீட்டைக் கேட்கும்படி அமைத்தால், அஞ்சல்பெட்டியைத் திருடியவர் கைப்பேசியையும் கைப்பற்றினால்தான் படிக்க முடியும் என்பது நல்ல பாதுகாப்பு. எனினும் பெறுநரின் கைப்பேசி எண்ணை நீங்கள் கூகுளிடம் கொடுக்க வேண்டியிருக்கும். அதற்கு அவருடைய ஒப்புதலைக் கேட்பது மரியாதை.

இது முழு மறையாக்கம் அன்று. மடல் கூகுளின் சர்வர்களில், கூகுளால் படிக்கத்தக்க வகையிலேயே இருக்கிறது. காலாவதியான பிறகும் உங்கள் 'அனுப்பியவை' பெட்டியில் நீடிக்கிறது. எலக்ட்ரானிக் ஃப்ரன்டியர் ஃபவுண்டேஷன் என்ற இணைய உரிமை அமைப்பு 2018-லேயே இந்தப் பெயரைக் கண்டித்தது. அந்தக் கண்டனம் நியாயமானது என்றே நானும் கருதுகிறேன். சாவியைக் கூகுள் அல்லாமல் வாடிக்கையாளர் நிறுவனமே வைத்திருக்கும் 'கிளையண்ட் சைட் என்கிரிப்ஷன்' என்ற வேறு வசதி 2023 முதல் பெருநிறுவன, கல்வி உரிமங்களில் கிடைக்கிறது. தனிநபர் ஜிமெயிலில் அது இல்லை.

ஓபன் பி.ஜி.பி. இன்றும் பயன்படுத்தத் தக்கதா?

பத்திரிகையாளர், வழக்கறிஞர், மென்பொருள் பாதுகாப்புத் துறையினர் போன்றோருக்கு ஆம். தண்டர்பேர்ட் என்ற மின்னஞ்சல் மென்பொருளில் 2020-இல் வெளியான 78-ஆம் பதிப்பு முதல் இது உள்ளமைந்தே வருகிறது. தனி நீட்சி தேவையில்லை. சாவிகளை உருவாக்குவது எளிது. கடினம் வேறு இடத்தில் இருக்கிறது: உங்களிடம் உள்ள பொதுச் சாவி உண்மையிலேயே அவருடையதுதானா என்பதை எப்படி அறிவது? ஒவ்வொரு சாவிக்கும் ஒரு கைரேகை எண் உண்டு. பரவலாகப் புழங்கும் நான்காம் வகைச் சாவிகளில் அது 40 எழுத்துகள் நீளமுடையது. அதைத் தொலைபேசியில் படித்துக்காட்டச் சொல்லி ஒப்பிட வேண்டும். இந்தச் சலிப்பூட்டும் படியைத் தவிர்ப்பவர், யாருக்கென்று தெரியாமலேயே மடலைப் பூட்டுகிறார்.

இரண்டு எச்சரிக்கைகள். 2018 மே மாதம் ஐரோப்பிய ஆய்வாளர்கள் வெளியிட்ட 'ஈஃபெயில்' என்ற குறைபாடு, மறையாக்கிய மடலை இடையில் மாற்றி அமைத்து, பெறுநரின் மென்பொருள் வெளித்தளத்துப் படங்களை ஏற்றும்போது திறந்த உள்ளடக்கத்தையும் சேர்த்து அனுப்பவைக்க முடியும் என்று காட்டியது. மென்பொருள்கள் திருத்தப்பட்டுவிட்டன, இருப்பினும் வெளித்தளப் படங்களை ஏற்றுவதை அணைத்தே வைத்திருங்கள். மற்றொன்று, உங்கள் தனிச் சாவி இன்னும் பத்து ஆண்டுகள் கழித்துத் திருடப்பட்டாலும், அதற்கு இணையான பொதுச் சாவியால் பூட்டிய பழைய மடல்கள் அனைத்தும் திறந்துவிடும். சிக்னல் போன்ற செயலிகள் சாவியை அடிக்கடி மாற்றி இதைத் தவிர்க்கின்றன. மின்னஞ்சலில் அந்த ஏற்பாடு இல்லை.

வருமான வரி, ஒப்பந்தப்புள்ளிப் பணிகளுக்காக வாங்கிய டி.எஸ்.சி. (மின்னணுக் கையொப்பச் சான்றிதழ்) டோக்கனால் மடலை மறையாக்கலாமா?

பெரும்பாலும் இயலாது. டி.எஸ்.சி. என்பது, சான்றிதழ்களைக் கொண்டு மடலில் கையொப்பமிடவும் மடலைப் பூட்டவும் உதவும் எஸ்/மைம் முறைக்குத் தேவையான அதே வகைச் சான்றிதழ்தான். இந்தியாவில் சான்றளிப்பு அதிகாரிகளுக்கான கட்டுப்பாட்டாளரிடம் உரிமம் பெற்ற நிறுவனங்கள் அதை வழங்குகின்றன. ஆனால் கையொப்பத்துக்கான சான்றிதழும் மறையாக்கத்துக்கான சான்றிதழும் தனித்தனியானவை. கையொப்பச் சான்றிதழ் மட்டும் இருந்தால், மடலை நீங்கள்தான் எழுதினீர்கள் என்பதையும் வழியில் அது மாற்றப்படவில்லை என்பதையும் மெய்ப்பிக்கலாம், பூட்ட முடியாது. மின்னணு ஒப்பந்தப்புள்ளிகளுக்காக மறையாக்கச் சான்றிதழையும் சேர்த்து வாங்கியவர்கள், அதில் தங்கள் மின்னஞ்சல் முகவரி பதிவாகியிருக்கிறதா என்று பார்த்துக்கொள்ள வேண்டும். எஸ்/மைமில் நீங்கள் பூட்டுவதற்குப் பெறுநரிடமும் சான்றிதழ் இருந்தாக வேண்டும் என்பதே நடைமுறையில் பலரை நிறுத்திவிடும் தடை.

புரோட்டான் மெயில் போன்ற சேவைகள்?

சுவிட்சர்லாந்திலிருந்து 2014 முதல் இயங்கும் புரோட்டான் மெயிலில், இரு பக்கமும் அதே சேவையாக இருந்தால் மடல் தானாகவே முழு மறையாக்கம் பெறுகிறது. வெளியாருக்கு ஒரு கடவுச்சொல் வைத்துப் பூட்டிய மடலையும், காலாவதியையும் அமைக்கலாம். ஜெர்மனியின் டூட்டா சேவை பொருள் வரியையும் (சப்ஜெக்ட்) சேர்த்து மறைக்கிறது. புரோட்டான் அதை மறைப்பதில்லை. ஆனால் உள்ளடக்கம் மறைந்திருந்தாலும், யார், எங்கிருந்து, எப்போது என்ற விவரங்கள் வேறு கதை. 2021-இல் சுவிஸ் அதிகாரிகளின் சட்டபூர்வ ஆணைக்கு இணங்கி, பிரெஞ்சுச் சுற்றுச்சூழல் செயற்பாட்டாளர் ஒருவரின் ஐ.பி. முகவரியைப் புரோட்டான் பதிவுசெய்து கொடுக்க நேர்ந்தது.

பொருள் வரியில் என்ன எழுதலாம்?

எவரும் படிக்கலாம் என்று எண்ணி எழுதுங்கள். அவுட்லுக், ஜிமெயில், எஸ்/மைம் எதிலும் பொருள் வரி பூட்டப்படுவதில்லை. தண்டர்பேர்ட் ஓபன் பி.ஜி.பி. மடல்களில் அதை மறைத்து மூன்று புள்ளிகளைக் காட்டுகிறது. 'புற்றுநோய்ப் பரிசோதனை முடிவு' என்று தலைப்பிட்டு உள்ளே இருப்பதைப் பூட்டினால், சொல்லக் கூடாததை வெளியே சொல்லிவிட்டோம்.

பி.டி.எஃப். கோப்புக்குக் கடவுச்சொல் போட்டு அனுப்புவது போதாதா?

நல்ல கடவுச்சொல்லை வேறு வழியில் தெரிவித்தால், சிறு அலுவலகங்களுக்கு இது மதிக்கத்தக்க வழி. இன்றைய பி.டி.எஃப். மென்பொருள்கள் ஏ.இ.எஸ். 256 பிட் மறையாக்கத்தைப் பயன்படுத்துகின்றன, அதில் குறையில்லை. குறை நம் பழக்கத்தில் இருக்கிறது. பெயரின் நான்கு எழுத்துகளும் பிறந்த ஆண்டும் சேர்ந்தது கடவுச்சொல் என்ற முறை நமக்கு ஆதார் கோப்பிலிருந்தே பழகிப்போனது. பெயர் தெரிந்தவருக்குப் பிறந்த ஆண்டு ஒன்றுதான் தெரியாது. நூறு முயற்சிகளுக்குள் கோப்பு திறந்துவிடும். எட்டு இலக்கப் பிறந்த தேதியும் அவ்வாறே: நூறு ஆண்டுகளுக்கு மொத்தம் ஏறத்தாழ 36,500 தேதிகள்தான், கணினிக்கு அது சிறு வேலை.

கடவுச்சொல்லை அதே மடலிலோ, அடுத்த மடலிலோ எழுதுவதும் பூட்டோடு சாவியைத் தொங்கவிடுவதற்கு ஒப்பாகும். தொலைபேசியில் சொல்லுங்கள், அல்லது வேறு செயலியில் அனுப்புங்கள். மேலும், பி.டி.எஃப். கோப்பில் 'அச்சிடத் தடை' போன்ற அனுமதி அமைப்புகள், கோப்பைத் திறக்க முடிந்தவரின் மென்பொருள் மதித்தால் மட்டுமே செல்லும். அதை மதிக்காத மென்பொருள்கள் எளிதில் கிடைக்கின்றன.

எங்கள் நிறுவன நிர்வாகியோ அரசோ இந்த மடல்களைப் படிக்க முடியுமா?

மைக்ரோசாஃப்டின் உரிமைக் கட்டுப்பாட்டில் 'சூப்பர் யூசர்' என்ற நிலை உண்டு. அந்த அதிகாரம் இயக்கப்பட்டிருந்தால், உரியவர் நிறுவனத்தின் காப்பிட்ட மடல்களைத் திறக்க முடியும். சட்டத் தேடலுக்கும், விலகிச் சென்றவர்களின் கோப்புகளை மீட்பதற்கும் இது தேவைப்படுகிறது. ஆகவே நிறுவனக் கணக்கிலிருந்து அனுப்பும் எதையும் நிறுவனத்திடமிருந்து மறைத்ததாகக் கருத வேண்டாம்.

இந்தியத் தகவல் தொழில்நுட்பச் சட்டம் 2000-இன் 69-ஆம் பிரிவு, நாட்டின் பாதுகாப்பு, பொது ஒழுங்கு முதலிய காரணங்களுக்காக மறையாக்கத்தை நீக்கித் தருமாறு ஆணையிடும் அதிகாரத்தை அரசுக்கு அளிக்கிறது. உதவ மறுப்பவருக்கு ஏழு ஆண்டுகள் வரை சிறைத் தண்டனை உண்டு. மறுபுறம், தனிநபர் தரவைக் காக்கத் தகுந்த ஏற்பாடுகளைச் செய்யத் தவறும் நிறுவனத்துக்கு 250 கோடி ரூபாய் வரை அபராதம் விதிக்க 2023-ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் வகை செய்கிறது.

மறையாக்கிய மடல்களைப் பல ஆண்டுகள் கழித்துத் திறக்க முடியுமா?

சாவி இருந்தால் முடியும். பலர் இழப்பது அதைத்தான். எஸ்/மைம் சான்றிதழ் காலாவதியானதும் பழையதை நீக்கிவிட்டுப் புதியதை நிறுவுகிறார்கள். அத்தோடு பழைய சாவியால் பூட்டிய மடல்கள் அனைத்தும் அடைபட்டுவிடுகின்றன. காலாவதியான சான்றிதழால் புதிதாகப் பூட்டக் கூடாதே தவிர, பழையவற்றைத் திறப்பதற்கு அது எப்போதும் தேவை. ஓபன் பி.ஜி.பி. தனிச் சாவியையும் அதன் கடவுத்தொடரையும் இழந்தால், எந்த நிறுவனத்திடம் முறையிட்டும் பயனில்லை. காப்பு நகல் ஒன்றைக் கணினிக்கு வெளியே, பென் டிரைவிலோ அச்சிட்ட தாளிலோ, பூட்டிய அலமாரியில் வைத்திருங்கள்.

நிறுவனங்களில் பணியாளர் விலகும்போது, அவருடைய மறையாக்கச் சாவியின் நகல் நிறுவனத்திடம் இருக்க வேண்டும்; கையொப்பச் சாவியின் நகல் ஒருபோதும் பிறரிடம் இருக்கக் கூடாது, ஏனெனில் அதை வைத்திருப்பவர் அவருடைய பெயரில் கையொப்பமிட முடியும். மைக்ரோசாஃப்ட் 365-ஐ விட்டு வேறு சேவைக்கு மாறும் நிறுவனங்கள், உரிமைக் கட்டுப்பாட்டோடு சேமித்த மடல்களையும் கோப்புகளையும் சந்தா முடிவதற்கு முன்பே பூட்டு நீக்கி எடுத்துக்கொள்ள வேண்டும். சந்தா முடிந்த பின் அந்தச் சாவியைக் கொடுக்கும் சர்வர் அவர்களுக்கு விடையளிக்காது.